கட்டணமில்லாச் சீட்டு

உதவித்தொகை இந்த மாதமும் வரவில்லை.
காரைக்குடி வந்து ஐம்பத்து மூன்று நாள்.
விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு புளியமரம்.
அதற்கு அப்பால் இந்தியாவை
எனக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு வண்டியைத் தவறவிட்டேன்.
ஆறரைக்கு என்றார்கள்.
எங்கள் டிரே தாவாவில்
சூரியன் எழுந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குவோம்;
ஆறரை என்றால் நடுப்பகல்.
தலை இன்னும் ஊரிலேயே இருந்தது போல.
உச்சி வெயிலில் போய் நின்றேன்.
நிழற்குடையில் ஓர் ஆட்டுக்குட்டி,
அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு
நடத்துநர் பணம் வாங்கவில்லை.
நீட்டிய இருபதை என் கையிலேயே மடித்து வைத்து
ஒரு சீட்டைக் கிழித்தார்.
மகளிர். கட்டணமில்லை.
நான் கடவுச்சீட்டை எடுக்கப் போனேன்.
"பொம்பளைதானே?"
ஆம் என்றேன்.
"அப்புறம் என்ன? பேரு?"
எதற்கென்று தெரியாமலே சொன்னேன்:
செலாமாவிட்.
"செல்லம்மா, உள்ள தள்ளி நில்லு."

அன்றிலிருந்து
நகரப் பேருந்து எதுவரையோ அதுவரை என் உலகம்.
கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
ஒரு தெருவில் தொடங்கி
மறு தெருவில் முடிகிற வீடுகள், பூட்டியவை.
உள்ளே பார்க்க ஐம்பது ரூபாய் என்றார் ஒருவர்.
வெளியே பார்க்கக் காசில்லை.
கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.
தேவகோட்டையில் மட்டும் பதினைந்து ரூபாய் செலவு:
காப்பி பிறந்த நாட்டுக்காரி
டம்ளருக்குள் பாலை விலக்கி விலக்கிக்
காப்பியைத் தேடினேன்.

பிறகு பேராசை.
சீட்டோடு சீட்டாய் முடிச்சுப் போட்டால்
திருச்சி வரை நீளுமா?

திருமயம் வரை ஒன்று.
நாற்பது நிமிடம் நின்று, புதுக்கோட்டைக்கு இன்னொன்று.
நமணசமுத்திரத்தில் ஏறினாள் அடைக்கி.
மடியில் தூக்குவாளி, ரசத்தின் வாசம்.
பெரியாஸ்பத்திரியில் அவள் தங்கச்சி.
"நீ எங்க?"
"திருச்சி. பார்க்க."
என் தமிழ் அவ்வளவுதான்.
"யாரை?"
"ஊரை."
அவள் சிரித்ததில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.
"ஊரைப் பாக்கவா!
ஊரு என்ன மேலுக்கு முடியாமக் கெடக்கா?"

சிரித்து முடித்ததும்
பையைத் துழாவி இரண்டு சாத்துக்குடியை
என் மடியில் வைத்தாள்.
"பாக்கப் போறவ
வெறுங்கையோடவா போவ?"
தங்கச்சிக்கு வாங்கியவை அவை.
வேண்டாம் என்பதற்கு மரியாதையான சொல்லை
நான் யோசித்து எடுப்பதற்குள்
இறங்கிப் போய்விட்டாள்.

கீரனூரில் ஒன்றரை மணி நேரம்.
வந்த வண்டிகளெல்லாம் காசு வண்டிகள்.
பெண்கள் எல்லோரும் அவற்றை விட்டுவிட்டு நின்றார்கள்,
நானும் அவர்களோடு விட்டுவிட்டு நின்றேன்.
அந்த நிற்பில் யாரும் என்னை
எந்த நாடு என்று கேட்கவில்லை.
எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டார்கள்.

திருச்சியில் நான் இருந்தது பதினொரு நிமிடம்.
மேம்பாலம் ஏறுகையில்
ஜன்னலில் கட்டைவிரல் அளவு மலைக்கோட்டை.
பேருந்து நிலையத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய்.
ஊருக்கென்று கொடுத்ததில் ஒன்றை
ஊர் வாசலில் உரித்து நானே தின்றேன்.
மற்றதைச் சிமெண்டு பெஞ்சில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.
திருமயத்திலிருந்து கடைசி வண்டி எட்டே முக்காலுக்கு;
உங்கள் எட்டே முக்கால்.

விடுதிக் கதவு சாத்தியிருந்தது.
காப்பாளர் பதிவேட்டைத் தள்ளினார்:
தாமதத்துக்குக் காரணம் எழுது.
எழுத்துக் கூட்டி எழுதினேன்.
திருச்சியைப் பார்க்கப் போனேன்.
உடம்பு பரவாயில்லை.

அவர் இரண்டு முறை படித்தார்.
கையெழுத்துப் போட்டார்.

வரும் ஞாயிறு மதுரை.
மேலூர் வரை விசாரித்தாயிற்று.
கையில் முப்பத்தெட்டு ரூபாய் இருக்கிறது.
அவ்வளவு பெரிய ஊருக்கு
என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதுதான்
தெரியவில்லை.